முதல் வெள்ளி நாணயம்: குறுஞ்சிலுவையா, எட்வர்ட் பென்னியா, குரோட்டா?

நூறு பவுண்டு கையில் இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தின் வெள்ளி நாணயம் ஒன்று வாங்க வேண்டும், ஒன்றே ஒன்று. எதை வாங்கலாம்? லண்டனில் நடக்கும் நாணயச் சந்தைகளுக்கு என்னுடன் வரும் நண்பர்கள் முதலில் கேட்பது இதைத்தான். விற்பனையாளரின் தட்டில் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய வெள்ளித் தகடுகள் கறுத்துப்போய் வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் முடிசூடிய முகம், மறுபக்கம் சிலுவை. புதியவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அதனால் எது பளிச்சென்று இருக்கிறதோ அதை எடுத்துவிடுகிறார்கள். நான் வேறு அளவுகோல் வைத்திருக்கிறேன். கொடுக்கிற காசுக்கு அந்த நாணயத்தில் வாசிக்க எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். எழுத்து, ஊர், ஆள், அதை அடிக்க வைத்த அரசியல் எல்லாம் வாசிப்பில் சேர்த்தி. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கணக்கில்தான்.

தேர்வுக்குப் போவதற்குமுன் அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெர்சியா நாட்டு அரசன் ஆஃபா எட்டாம் நூற்றாண்டில் பரவலாக்கிய வெள்ளிப் பென்னிதான் அடுத்த ஐந்நூறு ஆண்டுகளுக்கு இங்கிலாந்தின் நாணயம். அதற்கு மேலே மதிப்புள்ள காசு வழக்கத்தில் இல்லை. கீழேயும் அநேகமாக இல்லை. 240 பென்னி ஒரு பவுண்டு. இந்தக் கணக்கு 1971 பிப்ரவரி வரை மாறவில்லை. பவுண்டு என்பது முதலில் வெள்ளியின் எடை. நம் வீடுகளில் தங்கத்தை "எத்தனை பவுன்" என்று கேட்கிறோமே, அந்தப் பவுனும் இதுதான். ஒரு பவுண்டு மதிப்புள்ள பிரிட்டிஷ் பொற்காசான சவரன் ஏறத்தாழ 8 கிராம். அந்த எடைக்கே பவுன் என்ற பெயர் தமிழில் நின்றுவிட்டது. வெள்ளியை நிறுத்த சொல் கடல் கடந்து வந்து தங்கத்தை நிறுக்கிறது. நகைக்கடையில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பென்னிகள் நினைவுக்கு வந்துவிடும்.

பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளின் பென்னி சுமார் 1.4 கிராம் எடை கொண்டது. அதில் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. 1300 வாக்கில் ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம் ஒன்றிலிருந்து இரண்டு பென்னி. ஆகவே தட்டில் கிடக்கும் ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய ஒரு மனிதனின் ஒருநாள் உழைப்பு.

பட்டியலிலிருந்து இரண்டை முதலிலேயே எடுத்துவிடலாம். தரக்குறைவால் அல்ல, விலையால். ஒன்று, 978 முதல் 1016 வரை ஆண்ட எத்தல்ரெட் மன்னனின் பென்னி. 991ல் மால்டன் போரில் தோற்றபின் வைக்கிங் படைகளுக்கு 10,000 பவுண்டு திறை கொடுத்தார்கள். பென்னிக் கணக்கில் அது 24 லட்சம் காசு. அதற்குப் பின்னும் திறை நிற்கவில்லை. அதனால்தான் இந்த மன்னனின் நாணயங்கள் இங்கிலாந்தைவிட ஸ்காண்டிநேவிய மண்ணில் அதிகமாகக் கிடைக்கின்றன. பலவற்றில் கத்தி முனையால் கீறியும் குத்தியும் வெள்ளியைச் சோதித்த தழும்புகள் இருக்கும். மற்றொன்று, 1066ல் நாட்டைப் பிடித்த முதலாம் வில்லியமின் "பாக்ஸ்" பென்னி. சிலுவையின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு வட்டமும் அதற்குள் ஓர் எழுத்துமாக, லத்தீனில் சமாதானம் என்று படிக்கும்படி அமைத்திருப்பார்கள். நார்மன் நாணயங்களில் இந்த வகை மட்டும் ஓரளவு எளிதாகக் கிடைக்கக் காரணம், 1833ல் ஹாம்ப்ஷயரின் போவர்த் கிராமத்தில் வெளிப்பட்ட பெரும் புதையல். இரண்டுமே அருமையானவை. ஆனால் தேறிய காசு ஒன்று வாங்க நூறு பவுண்டு போதாது. பல நூறு வேண்டும். முதல் நாணயத்தில் அவ்வளவு பணத்தைப் போடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. போலியை இனம் காணும் கண் அப்போது நமக்கு வந்திருக்காது.

மூன்றாவதாக ஒன்றையும் தள்ளிவைக்கிறேன். 1158ல் இரண்டாம் ஹென்றி வெளியிட்ட பென்னி அது. 1807ல் லிங்கன்ஷயரின் டீல்பி கிராமத்தில் 5,000க்கும் மேற்பட்டவை புதையலாகக் கிடைத்ததால் டீல்பி பென்னி என்றே பெயர். அந்தப் புதையலில் பெரும்பங்கை உருக்கிவிட்டார்கள் என்பது இன்றும் மனத்தை உறுத்தும் செய்தி. வெள்ளி நல்ல வெள்ளிதான். அடித்த கைதான் மோசம். பாதி எழுத்து நாணயத்துக்கு வெளியே போயிருக்கும், மீதிப் பாதி தட்டையாக இருக்கும். வாசிப்பு என்ற அளவுகோலில் இது முதல் சுற்றிலேயே தோற்கிறது.

எஞ்சுபவை நான்கு: 1180 முதல் 1247 வரை அடித்த குறுஞ்சிலுவை பென்னி, 1247 முதல் 1279 வரையிலான நெடுஞ்சிலுவை பென்னி, 1279ல் தொடங்கும் முதலாம் எட்வர்டின் பென்னி, 1351க்குப் பின் வந்த நான்கு பென்னி மதிப்புள்ள குரோட்.

எளிதானதிலிருந்து தொடங்குகிறேன். எட்வர்ட் பென்னிதான் மிகவும் மலிவு. லண்டன் அல்லது கேன்டர்பரியில் அடித்த, ஓரளவு நல்ல காசு முப்பது பவுண்டிலிருந்தே கண்ணில் படும். 1279ல் எட்வர்ட் செய்த சீர்திருத்தம் பெரியது. மார்செய் நகரிலிருந்து வந்த வில்லியம் டி டர்ன்மையர் என்பவரிடம் நாணயம் அடிக்கும் நாட்டின் அக்கசாலைகள் ஒப்படைக்கப்பட்டன. வட்டமான அரைப் பென்னியும் கால் பென்னியும் வழக்கத்துக்கு வந்தன. அச்சுகளைச் செதுக்குவதில் ஒழுங்கு வந்தது, எழுத்துகள் தெளிவாயின. முன்பக்கம் "எட்வர்ட், இங்கிலாந்தின் அரசன், அயர்லாந்தின் தலைவன்" என்பதன் லத்தீன் சுருக்கம். பின்பக்கம் "லண்டன் மாநகரம்" என்று ஊரின் பெயர் மட்டும்.

அந்த "மட்டும்" என்பதில்தான் என் குறை இருக்கிறது. அதுவரை சுமார் முந்நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு பென்னியின் பின்பக்கத்திலும் அதை அடித்த ஆளின் பெயர் இருந்தது. எட்வர்ட் அதை எடுத்துவிட்டார். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தில் மட்டும் ராபர்ட் டி ஹாட்லி என்பவரின் பெயர் சிறிது காலம் தொடர்ந்தது. அந்தக் காசு எங்கே தட்டுப்பட்டாலும் நான் நின்று பார்ப்பேன். அந்த நெடிய வழக்கத்தின் கடைசிப் பெயர் அது. மற்றபடி எட்வர்ட் பென்னியில் மனிதன் இல்லை, நிர்வாகம் இருக்கிறது.

நிர்வாகத்திலும் சுவை உண்டு என்பதை மறுக்க மாட்டேன். டர்ஹமில் அடித்த சில பென்னிகளில், எழுத்து வரி தொடங்கும் இடத்தில் வழக்கமாக வரும் சிறு சிலுவைக்குப் பதிலாக ஆயர் ஆன்டனி பெக் தன் சொந்தச் சின்னத்தைப் போட்டிருக்கிறார். நியூகாசில், பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிட்டர், ஹல் என்று ஊர் ஊராகச் சேர்க்கலாம். கிரீடத்தின் வடிவம், எழுத்தின் வெட்டு ஆகியவற்றை வைத்து ஃபாக்ஸ் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை வகை பிரித்தார்கள். பத்தாம் வகைதான் சந்தையில் எங்கும் கிடப்பது. ஊர்களின் வரைபடத்தை நாணயங்களால் நிரப்ப ஆசைப்படுபவருக்கு எட்வர்டைவிடச் சிறந்த தொடர் கிடையாது. பழகிய கண்ணுக்கு இன்னொரு விருந்தும் உண்டு. ஸ்டெர்லிங் எனப்பட்ட இந்த ஆங்கிலப் பென்னியின் நற்பெயரைப் பயன்படுத்திக்கொள்ள இன்றைய பெல்ஜியம், லக்சம்பர்க் பகுதிச் சிற்றரசர்கள் அதே தோற்றத்தில் காசு அடித்து இங்கிலாந்துக்குள் அனுப்பினார்கள். கிரீடத்துக்குப் பதில் தலையில் ரோஜா மாலை சூடிய முகம் இருந்தால் அது அந்த வகை. 1299, 1300 ஆண்டுகளில் அவற்றை அரசு ஒழித்துக்கட்டியது.

அடுத்து குரோட். கையில் வாங்கினால் பிடித்துப்போகும் நாணயம் இது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1351ல் மூன்றாம் எட்வர்ட் வெளியிட்டபோது எடை சுமார் 4.6 கிராம். அகன்ற தகடு, முகத்தைச் சுற்றி வளைவுகளாலான சட்டகம், பின்பக்கம் இரண்டு வட்ட வரிகளில் எழுத்து. வெளிவட்டத்தில் "தேவனை எனக்குத் துணையாகக் கொண்டேன்" என்ற லத்தீன் வாசகம். முதலாம் எட்வர்ட் காலத்திலேயே 1279ல் ஒருமுறை குரோட் அடித்துப் பார்த்தார்கள்; நிலைக்கவில்லை. அப்போதைய காசுகள் பெரும்பாலும் பொன்முலாம் பூசி நகையாக மாற்றப்பட்ட நிலையில்தான் கிடைக்கின்றன.

குரோட்டின் அரசியல் அதன் எழுத்தில் இருக்கிறது. 1340ல் மூன்றாம் எட்வர்ட் தன்னைப் பிரான்சின் அரசன் என்றும் அறிவித்துக்கொண்டார். காசிலும் அந்தப் பட்டம் ஏறியது. 1360ல் பிரெத்திஞி உடன்படிக்கையில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். காசிலிருந்து பிரான்ஸ் மறைந்தது. 1369ல் போர் மீண்டும் மூண்டது. பிரான்ஸ் காசுக்குத் திரும்பிவந்தது. மூன்று குரோட்களை அடுத்தடுத்து வைத்தால் நூறாண்டுப் போரின் ஒரு பகுதியைத் தட்டில் படித்துவிடலாம்.

சிக்கல் விலையில். மூன்றாம் எட்வர்டின் குரோட் நல்ல நிலையில் நூறைத் தாண்டிவிடும். நூற்றுக்கு அருகில் குரோட் வேண்டுமென்றால் ஆறாம் ஹென்றியின் தொடக்கக் காலத்துக் கலே காசைத் தேடுங்கள். கழுத்தின் இருபக்கமும் சிறு வளையங்கள் இருக்கும். பிரான்சின் கரையிலுள்ள கலேயை 1347ல் பிடித்த ஆங்கிலேயர்கள் 1558 வரை வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் கம்பளி அந்தத் துறைமுகம் வழியாகத்தான் பிளாண்டர்ஸ் நெசவாளர்களுக்குப் போனது. கம்பளிக்கு ஈடாக வந்த அந்நிய வெள்ளி அங்கேயே ஆங்கிலக் காசாக மாறியது. அதனால் 1420களின் கலே குரோட்கள் ஏராளம். ஆடு மேய்ந்த புல்வெளிகள் வெள்ளியான கதை இந்த ஒரு காசில் அடங்கியிருக்கிறது. 1412ல் எடை குறைந்தபின் அடித்தவை என்பதால் 3.9 கிராம்தான் இருக்கும். அதைப் பார்த்துக் குறையென்று எண்ண வேண்டாம். 1415ல் அஜின்கோர்ட்டுக்குப் போன வில்லாளிக்கு நாள் ஊதியம் ஆறு பென்னி, அதாவது ஒன்றரை குரோட். பரிசாகக் கொடுக்கவோ சட்டகமிட்டு வைக்கவோ ஒரே ஒரு நாணயம் போதும் என்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

நெடுஞ்சிலுவைக்கு வருவோம். 1247 வாக்கில் புழக்கத்திலிருந்த குறுஞ்சிலுவைக் காசுகளின் ஓரங்களை மக்கள் கத்தரித்துக் கத்தரித்து வெள்ளி திருடியிருந்தார்கள். சிலுவை சிறியதாக நடுவிலேயே முடிந்துவிடுவதால், எதுவரை வெட்டினார்கள் என்பது உடனே தெரியாது. மூன்றாம் ஹென்றி சிலுவையின் நான்கு கைகளையும் விளிம்புவரை நீட்டினார். கையின் முனை தெரியாவிட்டால் காசு செல்லாது. புது நாணயத்துக்கு வேண்டிய முதலைக் கொடுத்தவர் மன்னனின் தம்பி, கார்ன்வால் கோமகன் ரிச்சர்ட். லாபத்தில் பாதி அவருக்கு. இந்தக் காசில் வேறு எதிலும் இல்லாத வசதி ஒன்று உண்டு: "ஹென்றி" என்ற பெயரோடு "மூன்று" என்ற எண்ணும் இருக்கிறது. ஆங்கில நாணயத்தில் மன்னனுக்கு எண் இட்டது அதுதான் முதல்முறை. அடுத்து அப்படிச் செய்ய ஏழாம் ஹென்றி வர வேண்டியிருந்தது, இரண்டரை நூற்றாண்டு கழித்து. ஆகவே யாருடைய காசு என்பதில் ஐயமே எழாது. அடித்தவர் பெயரும் இருக்கிறது. 1908ல் பிரசல்ஸ் நகரில் வெளிப்பட்ட புதையலில் ஒன்றரை லட்சம் அளவுக்குக் காசுகள் இருந்தன. பாதிக்கு மேல் ஆங்கில நெடுஞ்சிலுவை என்பதால் இன்று தட்டுப்பாடும் இல்லை. ஐம்பது, அறுபது பவுண்டுக்கு நல்ல காசு அமையும்.

ஆனால் நெடுஞ்சிலுவை ஓரம் வெட்டுவதை நிறுத்தவில்லை. அதன் முடிவு கொடியது. 1278 நவம்பரில் காசு வெட்டியதாகக் குற்றம்சாட்டி இங்கிலாந்தின் யூதர்களில் சுமார் 680 பேரைப் பிடித்து லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் அதே குற்றத்தில் சிக்கினார்கள். பெரும்பாலோர் அபராதத்தோடு தப்பினார்கள். 1290ல் யூதர்கள் முழுவதுமாக நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஓரம் வெட்டுண்ட நெடுஞ்சிலுவைப் பென்னியைக் குறைந்த விலைக்குக் கொடுக்கும்போது, "வெட்டுப்பட்டது, அழகில்லை" என்று விற்பவர்கள் மன்னிப்புத் தொனியில் சொல்வார்கள். நான் அவற்றை விரும்பியே வாங்கியிருக்கிறேன். அந்த வெட்டு எத்தனை உயிரோடு தொடர்புடையது என்பது தெரிந்தபின் அதைக் குறையென்று சொல்ல வாய் வருவதில்லை.

இனி என் தேர்வு. குறுஞ்சிலுவை பென்னியை நான் முதலில் வைப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு; இரண்டும் அதில் எழுதியிருப்பதைப் பற்றியவை.

முதலாவது, அந்தக் காசு பொய்ப்பெயர் தாங்கியது. 1180ல் இரண்டாம் ஹென்றி வெளியிட்டார். "ஹென்றிகஸ் ரெக்ஸ்" என்று பொறித்தார். 1189ல் அவர் இறந்தார். பட்டத்துக்கு வந்த ரிச்சர்ட் பெயரை மாற்றவில்லை. 1199ல் வந்த ஜானும் மாற்றவில்லை. அயர்லாந்தில் தன் பெயரில் காசு அடித்த ஜான், இங்கிலாந்தில் தந்தையின் பெயரிலேயே அடித்தார். 1216ல் வந்த மூன்றாம் ஹென்றிக்கு மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. மக்கள் நம்பிய தோற்றத்தைத் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஆக, அறுபத்தேழு ஆண்டுகள், நான்கு மன்னர்கள், ஒரே பெயர். சிறைப்பட்ட ரிச்சர்டை மீட்க 1193ல் நாடெங்கும் வெள்ளி திரட்டியபோது மக்கள் கையில் இருந்தது இந்தக் காசு. கேட்ட தொகை ஒரு லட்சம் மார்க்குக்கு மேல். ஒரு மார்க் 160 பென்னி. 1215ல் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் மாக்னா கார்ட்டா எனும் மகா சாசனத்துக்கு இணங்கிய நாளில் அங்கு நின்றவர்களின் பையில் இருந்ததும் இதே தோற்றக் காசுதான்.

ஒரு குறிப்பிட்ட காசு எந்த மன்னனுடையது என்று எப்படி அறிவது? தலைமயிர்ச் சுருள்களின் எண்ணிக்கை, தாடியைக் காட்டும் முறை, எழுத்துகளின் வெட்டு, அடித்தவரின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து எட்டு வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். வெட்டுண்ட காசுகளைத் திரும்பப் பெற்று 1205ல் ஜான் புதிதாக அடித்தபோது, முதலில் வந்த அச்சுகளில் எஸ் எழுத்து இடவலமாகத் திரும்பியிருக்கும். லென்ஸ் வைத்து அந்தத் திரும்பிய எழுத்தைக் கண்டுபிடிக்கும் கணம், பொது நூலில் படித்த ஜான் நம் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளர் "சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் காலத்துப் பென்னி" என்று உறையில் எழுதி வைத்திருந்ததை 140 பவுண்டு கொடுத்து வாங்கினேன். சாதாரண குறுஞ்சிலுவையின் விலையைப் போல இரண்டு மடங்கு. வீட்டுக்கு வந்து பின்பக்கத்தை எழுத்துக் கூட்டினேன்: இல்கர், லண்டன். இல்கர் மூன்றாம் ஹென்றி காலத்தில் லண்டனில் அடித்தவர். ஏழாம் வகையில் மிகப் பரவலாகக் காணப்படும் பெயர். ரிச்சர்ட் இறந்து இருபது ஆண்டு போலக் கழிந்தபின் அடித்த காசு. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருந்தது, மறுத்துவிட்டார்கள். ரிச்சர்ட் என்ற பெயருக்கு விலை கூடும் என்று தெரிந்த இடங்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. வகை எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் மன்னன் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்தக் காசை நான் விற்கவில்லை. அதற்கு என் இரண்டாவது காரணமே விடை: இல்கர்.

குறுஞ்சிலுவையின் பின்பக்கத்தில் ஓர் ஆளின் பெயர், இன்ன ஊரில் என்பதைக் குறிக்கும் "ஆன்" என்ற சொல், பிறகு ஊர். லண்டனில் இல்கர், ஏபல். கேன்டர்பரியில் சாமுவேல், ரோஜர், சாலமன். அரசவை ஆவணங்களில் வராத மனிதர்கள் இவர்களுக்குள் நிறைய. பெயர் பொறித்தது பெருமைக்காக அல்ல. வெள்ளி குறைந்தால் யாருடைய கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். 1124 கிறிஸ்துமஸ் சமயத்தில் முதலாம் ஹென்றி நாட்டின் நாணயம் அடிப்பவர்களை வின்செஸ்டருக்கு வரவழைத்தார். காசின் தரம் கெட்டுவிட்டது என்பது குற்றச்சாட்டு. ஒவ்வொருவராக அழைத்து வலக்கையை வெட்டி, விதையும் அறுத்தார்கள் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு பதிந்திருக்கிறது. அதற்குப் பின் வந்த தலைமுறைகள் தங்கள் பெயரைக் காசில் பொறித்தபோது, அந்த நிகழ்ச்சியை அறிந்தே பொறித்திருப்பார்கள். இல்கரின் பெயரை விரல் நுனியால் தடவும்போது எனக்கு அதுதான் தோன்றும். பதின்மூன்றாம் நூற்றாண்டு முடிவதற்குள் காசின் தரத்தைச் சோதிக்க மாதிரிக் காசுகளை நடுவர் முன் உருக்கிப் பார்க்கும் முறை வேரூன்றிவிட்டது. பிக்ஸ் விசாரணை என்று அது லண்டனில் இன்றும் நடக்கிறது. பெயருக்கு வேலை இல்லாமல் போனதால் எட்வர்ட் அதை எடுத்தார் என்பது என் ஊகம்.

விலையிலும் குறுஞ்சிலுவை கைக்கெட்டியதே. கோல்செஸ்டர் நகரின் பெருந்தெருவில் 1902லும் 1969லும் இரண்டு பெரும் புதையல்கள், ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேல், வெளிப்பட்டன. 1864ல் மான்செஸ்டருக்கு அருகே எக்கிள்ஸில் ஒன்று. அதனால் லண்டன், கேன்டர்பரி காசுகள் ஐம்பதிலிருந்து நூறு பவுண்டுக்குள் வாசிக்கத்தக்க நிலையில் அமையும். முகம் அழகாக இருக்காது. குழந்தை வரைந்த முகம் போலிருக்கும். ஒரு பக்கம் தட்டையாக விழுந்திருக்கலாம். முகம் கெட்டிருந்தாலும் பின்பக்கத்துப் பெயரும் ஊரும் முழுதாக இருக்கும் காசை எடுங்கள். முகம் தெளிவாக இருந்து பெயர் அழிந்த காசைவிட அது எனக்கு மேலானது. விலையும் குறைவாகவே இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் சில விஷயங்கள் பொது. நூறில் ஒரு பங்கு கிராம்வரை காட்டும் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இருபது பவுண்டுகூட ஆகாது. ஓரம் வெட்டுப்படாத பென்னி 1.3 கிராமுக்குக் கீழே போனால் காரணம் கேளுங்கள். வார்ப்புப் போலியில் பரப்பெங்கும் ஊசிமுனைக் குழிகள் தெரியும், எழுத்தின் ஓரம் சோப்புக் கட்டிபோல மழுங்கியிருக்கும், விளிம்பில் அரம் போட்ட தடம் இருக்கும். அடித்த காசில் எழுத்தின் சுவர் செங்குத்தாக எழும். கறுத்த படலத்தை ஒருபோதும் தேய்க்காதீர்கள். திருநீறு, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். எழுநூறு ஆண்டுப் படலத்தை ஐந்து நிமிடத்தில் இழந்த காசு விலையில் பாதியாகிவிடும். மலிவு விலைப் பிளாஸ்டிக் ஆல்பங்களில் வைத்தால் பச்சைப் பிசுபிசுப்பு படியும். அமிலமில்லாத காகித உறை போதும்.

மண்ணிலிருந்து எடுத்த காசுகளுக்குச் சட்டம் உண்டு. 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, இங்கிலாந்தில் ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ பழைய வெள்ளிக் காசுகள் கிடைத்தால் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பிரிட்டிஷ் மண்ணில் கண்டெடுத்தவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏற்றுமதி உரிமமும் தேவைப்படும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வாங்குபவர் இதை விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். எங்கே கிடைத்தது, எந்தச் சேகரிப்பிலிருந்து வந்தது என்று பழைய துண்டுச்சீட்டோடு வரும் காசுக்குப் பத்துப் பவுண்டு கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இருந்ததில்லை.

நூறு பவுண்டில் அறுபதோ எழுபதோதான் குறுஞ்சிலுவைக்குச் செலவாகும். மீதிக் காசில் என்ன செய்வது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வட்டமான அரைப் பென்னி வருவதற்குமுன், சில்லறை வேண்டுமென்றால் பென்னியைச் சிலுவைக்கோட்டில் இரண்டாக வெட்டிக்கொள்வார்கள். நான்காக வெட்டினால் கால் பென்னி. ஃபார்த்திங் என்ற சொல்லுக்கே நான்கிலொன்று என்றுதான் பொருள். வயல்களில் உலோகம் தேடுவோர் கண்டெடுத்து முறைப்படி பதிவு செய்த இத்தகைய அரைவட்டத் துண்டுகள் இருபது, முப்பது பவுண்டுக்குக் கிடைக்கின்றன. சந்தைத் தட்டில் யாரும் சீந்தாத மூலையில் இருக்கும். சென்ற மாதம் அப்படி ஒன்று எடுத்தேன். "ஹென்றி" பாதி போய்விட்டது. பின்பக்கத்தில் பெயரின் கடைசி இரண்டு எழுத்தும், "ஆன்" என்ற சொல்லும், லண்டனின் முதல் எழுத்தும் நிற்கின்றன. இல்கராக இருக்கலாம், வால்டராக இருக்கலாம். இருவர் பெயரும் முடிவது ஒன்றுபோலத்தான். எழுத்துகளின் வெட்டை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.